இரண்டு மாத்திரையில் எது தேவலை?

எண்பதுகளின் கடைசி. பங்குனி முடிந்து சித்திரை பிறந்த வாரம். திருச்சுழியிலிருந்து வீரசோழன் போகும் பஸ் பாதையில் இருந்த ஒரு ஊரில் நடந்தது இது. ஊர்ப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் சொல்லவில்லை. சண்டைக்குப் பயந்து இல்லை. சண்டை போட்டால் நானும் பத்து வார்த்தை கூடுதலாகப் பேசிவிடுவேன், அதனால்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மருந்தாளுநர் டிப்ளமோ முடித்துவிட்டு, பாலவனத்தத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி, திருச்சுழியில் ஒரு மருந்துக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேலை என்று சொல்வதே அதிகம். என் சர்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தார் முதலாளி. அவருக்கு வேண்டியது அந்தச் சட்டம்தான். நான் கூடவே வந்துகொண்டிருந்தது அவருக்குக் கொஞ்சம் தொந்தரவாகக்கூட இருந்திருக்கும். அந்தக் காலத்தில் பாதிக் கடைகளில் சட்டம் மட்டும்தான் இருக்கும், ஆள் வேறு ஊரில் வாத்தியாராக இருப்பார்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் முதலாளியிடம்தான் கேட்பார்கள். அவர் எட்டாம் வகுப்பு. "தலவலியா? இந்தா இதப் போடு" என்று பாட்டிலில் கைவிட்டு எடுத்துக் கொடுப்பார். நான் இரண்டு வருஷம் உருப்போட்டதெல்லாம் தலைக்குள் கிடந்து புழுங்கிக்கொண்டிருந்தது. யாராவது என்னிடம் ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்று ஏங்கினேன். அந்த ஏக்கம்தான் எனக்கு வினையாக வந்தது.

நான் பெயர் சொல்லாத அந்த ஊரில் ஏழு நாள் சைக்கிள் சுற்றும் நிகழ்ச்சி போட்டிருந்தார்கள். இளவட்டங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஒரு ஆள் சைக்கிளில் ஏறினால் ஏழு நாளும் இறங்கக் கூடாது. சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. குடத்துத் தண்ணீரைத் தூக்கி ஓட்டிக்கொண்டே தலையில் ஊற்றிக்கொள்வார். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் ஓலைத் தட்டி மறைப்புக்குள்ளே சைக்கிளோடு போய், சைக்கிளோடு வருவார். கால் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. ஒப்பந்தம் ரத்து. அதைக் கண்காணிக்க ஊரிலிருந்தே முறை வைத்து இரண்டு இரண்டு பேராக ஆள் போடுவார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை. காலையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அந்தப் பக்கத்தில் சித்திரையில் எந்த வேலையும் இருக்காது. கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அந்தக் கண்மாய்க்குள்ளேதான் வட்டம் போட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில், சைக்கிள் சுற்ற வந்திருந்த குழுவின் மேனேஜர் கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கைக்குட்டை. முதலாளி எங்கோ வெளியே போயிருந்தார். மேனேஜர் சட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, நீங்கதான் படிச்சவுகளா? நல்லதாப் போச்சு. ஒங்ககிட்டத்தான் கேக்கணும்" என்றார்.

டாக்டரம்மா என்ற ஒரு வார்த்தைக்கு நான் குளிர்ந்து போனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். சொல்லித்தானே ஆக வேண்டும்.

அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு மாத்திரை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று இளைப்புக்குக் கொடுக்கிற எபிட்ரின். மூச்சுத் திணறுகிறவர்களுக்கான மருந்து. தூக்கத்தைக் கெடுக்கும் என்பதற்காகவே லாரி டிரைவர்கள் வாங்கிப் போடுவார்கள். இன்னொன்று டானிக் மாத்திரை. விட்டமினோடு மூளையைத் தட்டி எழுப்புகிற ஒரு மருந்தையும் சேர்த்து, அழகான தாளில் சுற்றி விற்றுக்கொண்டிருந்தார்கள். பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் அதைக் கேட்டு வருவார்கள். இரண்டுமே ஆலையில் செய்த மருந்துதான், இரண்டுமே டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதவைதான். ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளில் இரண்டும் ஆரஞ்சு மிட்டாய் மாதிரி போய்க்கொண்டிருந்தன.

"மொத மாத்திரய ரெண்டு நாளாக் குடுத்தோம். தூங்காம ஓட்டுறான். ஆனா நெஞ்சு படபடங்குதுங்கிறான். கை நடுங்குது. ஒண்ணுக்கு வேற சரியாப் போகலையாம். எறங்கிருவேன் எறங்கிருவேன்னு பயமுறுத்துறான். ரெண்டுல எது தேவலை, சொல்லுங்க."

கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும், இல்லையா? பரீட்சை மாதிரியே சொன்னேன். எபிட்ரின் ரத்தக் குழாயை இறுக்கும், நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும், சிறுநீரை அடைக்கும்; அவர் சொல்கிற கஷ்டமெல்லாம் அதனால்தான். இரண்டாவது மாத்திரை பெரும்பாலும் மூளையில்தான் வேலை செய்யும், நெஞ்சுக்கு அவ்வளவு தொந்தரவு இருக்காது, மனசு தெளிவாக இருக்கும், பசி கொஞ்சம் குறையும். இவ்வளவும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "ரெண்டையும் வச்சுப் பாத்தா ரெண்டாவதுதான் தேவலை" என்று முடித்தேன்.

அவர் கும்பிட்டுவிட்டு இரண்டு அட்டை வாங்கிக்கொண்டு போனார். அந்த அட்டையை என் கையால்தான் எடுத்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இன்றைக்குத்தான் நாம் படித்த படிப்புக்கு ஒரு மரியாதை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். முட்டாள்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

ஐந்தாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஒரு பெண் வந்து கடை வாசலில் நின்றாள். என் வயதுதான் இருக்கும். கையில் காலியான ஒரு மாத்திரை அட்டை. சைக்கிள் ஓட்டுகிறவரின் மனைவி என்று சொன்னாள்.

"அக்கா, இது என்ன மாத்திரை? மேனேஜர் சத்து மாத்திரைங்கிறாரு."

"ஏன், என்ன செய்யுது அவருக்கு?"

"ஒண்ணுமே செய்யலக்கா. அதுதான் பயமா இருக்கு. முந்தா நாளு வரைக்கும் நெஞ்சு வலிக்குது, எறங்கிர்றேன், மானம் போனா போகட்டும்னு அழுதாரு. இப்ப தெம்பா இருக்கேங்கிறாரு. சோறு குடுத்தா பசிக்கலைங்கிறாரு. தண்ணி வேணாங்கிறாரு. யாருகூடயோ பேசிக்கிட்டே ஓட்டுறாரு, அங்க யாருமே இல்ல."

கல்லாவிலிருந்து முதலாளி சிரித்தார். "ஏம்மா, சைக்கிள் சுத்துறவன் தெம்பா இருக்கான்னா சந்தோசப்படு. இதுக்கா இம்புட்டு தூரம் பஸ்ஸேறி வந்தே?"

அந்தப் பெண் சொன்னதும்தான் என் மண்டையில் ஏறியது. முதல் மாத்திரை அவரைப் படுத்தி எடுத்தது உண்மை. ஆனால் படுத்தியதால்தான் அவர் இறங்கிவிடுகிறேன் என்று சொன்னார். உடம்பு கத்திக்கொண்டிருந்தது. நான் தேவலை என்று சொன்ன மாத்திரை அந்தக் கத்தலை வாயைப் பொத்தி அடக்கிவிட்டது. அசதி இருக்கிறது, ஆனால் தெரியவில்லை. தாகம் இருக்கிறது, அதுவும் தெரியவில்லை. வெளியே சித்திரை வெயில் கண்மாயைப் பொரித்துக்கொண்டிருக்கிறது. இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் போட்டிருந்தது? போட்டுத்தான் இருந்தது. நான்தான் படித்ததில் பாதியை மட்டும் ஒப்பித்திருந்தேன்.

"நான் இவுக கூடப் போயிட்டு வாரேன்" என்று முதலாளியிடம் சொன்னேன். "எங்க? ஏம்மா, கடைய விட்டுட்டு?" என்றார். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிப் பொழுது. ரேடியோ செட்டில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. கண்மாய்க் கரையில் கருவேல நிழலில் நாலைந்து வரிசை கூட்டம். நடுவில் அந்த மனிதர் சுற்றிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். சட்டை முதுகோடு ஒட்டியிருக்க வேண்டிய வெயில் அது; ஆனால் சட்டை காய்ந்து மடமடப்பாக இருந்தது. வேர்வையே இல்லை. உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் பெரிதாக விழித்துக்கொண்டு இருந்தது. வாய் எதையோ முணுமுணுத்தது.

ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் கிழக்குப் பக்கம் ஒரே இடத்துக்கு வரும்போது அவர் தலையைக் குனிந்து, உடம்பைச் சுருக்கிக்கொண்டு போனார். தாழ்ந்து கிடக்கிற கிளைக்கு அடியில் போகிற மாதிரி. அங்கே கிளை இல்லை, மரம் இல்லை, ஒன்றுமே இல்லை. வெறும் வெட்டவெளி. அவர் குனியும்போதெல்லாம் கூட்டம் கை தட்டியது. வித்தை காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

மேனேஜரிடம் ஓடினேன். அவரை உடனே இறக்க வேண்டும், உடம்பில் நீர் இல்லை, புத்தி தடுமாறிவிட்டது என்றேன். அவர் என்னைத் தெரியாதவர் மாதிரி பார்த்தார். "நீங்க குடுத்த மாத்திரதானம்மா" என்று மெதுவாகச் சொன்னார். செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

அவரை விட்டுவிட்டு ஊர்க் கமிட்டிக்காரர்களிடம் போனேன். துண்டு போட்ட நாலு பேர் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, அதில் பெரியவர் ஒருவர் நிதானமாகச் சொன்னார்.

"தாயி, போன வருசம் பக்கத்து ஊர்ல ஏழு நாளு முழுசா சுத்துனான். நம்ம ஊர்ல அஞ்சு நாள்ல எறக்குனா, நாளைக்கு அவிங்க மூஞ்சில நாங்க எப்படி முழிக்கிறது? இன்னும் ரெண்டு நாளு. ஆளு நல்லாத்தான இருக்கான், குனிஞ்சு நிமிந்து வெளாட்டுக் காட்டிக் கும்மரிச்சம் போடுறான் பாருங்க."

"அவர் கும்மரிச்சம் போடலய்யா. அங்க மரம் இருக்குன்னு நெனச்சுக் குனியிறாரு."

"மரமா?" என்று திரும்பிப் பார்த்து அவர் சிரித்தார். மைக் வைத்திருந்தவன், நான் சத்தம் போட்டதைப் பார்த்துவிட்டு, "திருச்சுழியில இருந்து ஒரு டீச்சரம்மா நமது வீரரைப் பாராட்ட வந்திருக்காக" என்று அறிவித்தான். எல்லோரும் எனக்கும் சேர்த்துக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

மனைவி கயிற்றைத் தாண்டி உள்ளே போய், செம்பில் தண்ணீரோடு சைக்கிள் கூடவே ஓடினாள். "குடிங்க, ஒரு வாய் குடிங்க" என்று கெஞ்சினாள். அவர் அவளைப் பார்த்து, யாரோ மூன்றாம் மனுஷியிடம் பேசுகிற மாதிரி, "ஓரமாப் போங்கம்மா, கெளை இடிச்சிரும்" என்றார். அதற்கு அடுத்த சுற்றில் குனிந்தவர் நிமிரவில்லை. சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

அப்போது கூட்டத்திலிருந்து வந்த முதல் குரல் எது தெரியுமா? "ஐயோ" இல்லை. "தண்ணி கொண்டாங்க" இல்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்த காவல்காரன் எழுந்து கையைத் தூக்கி, "காலு பட்டுருச்சு" என்றான்.

ஒரு மனிதர் கண் செருகிக் கிடக்கிறார், உடம்பு இழுத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அவர் மனைவி. அதற்கு நடுவில் கால் பட்டதா, சைக்கிளோடு விழுந்ததால் பட்டதாகக் கணக்கா, இல்லையா என்று நாலு பேர் வாக்குவாதம் செய்தார்கள். நான் வாழ்க்கையில் கெட்ட வார்த்தை பேசியது அந்த ஒரு நாள்தான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவள். எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, வாயில் வந்ததெல்லாம் வந்தது. அதற்குப் பிறகுதான் கூட்டம் அசைந்தது. குடத்துத் தண்ணீரை அவர் மேல் ஊற்றினோம். தொட்டால் அடுப்புச் சட்டி மாதிரி சுட்டது. கரி மூட்டை லோடு ஏற்ற வந்திருந்த ஒரு வண்டியில், மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அவரைக் கிடத்தினார்கள். வழி நெடுக ஈரத் துணியால் நானும் அவளும் விசிறிக்கொண்டே போனோம்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு, "என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டார்.

"வெயிலு சார். அசதி. வேற ஒண்ணும் இல்ல" என்றார் கூட வந்த மேனேஜர்.

நர்ஸ் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். மயங்கிச் சோர்ந்து வருகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் வழக்கமாகப் போடுகிற ஊக்க ஊசி. ஏற்கெனவே இரண்டு ஊக்க மருந்தில் வெந்து கிடக்கிற உடம்பு அது. எனக்குத் தெரியும். அந்த உடம்பில் அந்த ஊசி என்ன செய்யும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால், சீட்டு இல்லாமல் யார் கொடுத்தது என்று கேட்பார்கள். கடையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிற பேர் என்னுடையது. அப்பா கடன் வாங்கிப் படிக்க வைத்த படிப்பு. ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஆமாம், நின்றேன். ஊசி அவர் கைக்குப் பக்கத்தில் போகிற வரைக்கும் நின்றேன்.

"அத போடாதீங்க சிஸ்டர்" என்றேன். இரண்டு மாத்திரையின் பேரையும், எந்த நாள் எது என்பதையும் சொன்னேன். "ரெண்டாவத நான்தான் குடுத்தேன்" என்றும் சொன்னேன்.

டாக்டர் என்னை ஏறிட்டுப் பார்த்தார், திட்டவில்லை. அதற்கு அவருக்கு நேரம் இல்லை. ஊசியை வைக்கச் சொல்லிவிட்டு, ஐஸ் கட்டி, ஈர விரிப்பு, குளுக்கோஸ் என்று ஆட்களை விரட்டினார். மேனேஜர் எப்போது நழுவினார் என்று யாருக்கும் தெரியாது. அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சைக்கிள்காரர் கண் திறந்து மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். அவள் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லி உயிரைக் காப்பாற்றியவள் என்ற நினைப்பு அதற்குள் எனக்கு வந்துவிட்டிருந்தது, பாருங்கள்.

"அக்கா, ரெண்டுல எது தேவலைன்னு மேனேஜர் ஒங்ககிட்ட கேட்டாராமே" என்றாள். "ரெண்டும் வேணாம், ஆள எறக்குங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னைக்கே எறங்கிருப்பாருக்கா. எறங்குறேன்னுதான் அழுதுக்கிட்டு இருந்தாரு. படிச்ச பொம்பள குடுத்துவிட்டாக, இது நல்ல மாத்திரைன்னு மேனேஜர் சொன்னதாலதான் முழுங்குனாரு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். சொல்லிவிட்டு, அவருக்குக் கஞ்சி வாங்க வேண்டும் என்று எழுந்து போனாள்.

அடுத்த நாள் கடைக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, என் சட்டத்தைக் கழற்றினேன். முதலாளி பதறவில்லை. "ஏம்மா, போலீசு கீலீசுன்னு வந்தா ஒம் பேரு வராமப் பாத்துக்கிறேன், எதுக்கு இந்த வீம்பு?" என்றார். போலீசும் வரவில்லை, ஒருவரும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் பஸ்ஸில் போனபோது பார்த்தேன். ஆணி இருந்த இடத்தில் வேறு யாருடைய சர்டிபிகேட்டோ தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அதே டானிக் மாத்திரை அட்டை, அதே இடத்தில், சரம் சரமாக. பஸ் கண்டக்டர் டிக்கெட் கேட்டது என் காதில் விழவில்லை.

பிறகு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. மருந்து கொடுக்கிற வேலைதான். தொண்ணூறுகளில் ஒரு பங்குனி மாதம். நல்ல நிலபுலன் உள்ள ஒரு விவசாயி வந்தார். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற மகளுக்கு முழித்திருக்க மாத்திரை வேண்டுமாம். அவரும் இரண்டு மாத்திரையின் பேரைச் சொல்லி, "ரெண்டுல எதுங்க தேவலை?" என்றார். அதே கேள்வி, ஏறக்குறைய அதே வார்த்தைகள்.

"ரெண்டும் வேணாம். பிள்ளயத் தூங்கச் சொல்லுங்க" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியல, இதுக்கு ஒரு படிப்பு" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைப் பக்கம் நடந்தார். நான் கவுண்டரை விட்டு இறங்கி அவர் பின்னாலேயே போனேன். நடு ரோட்டில் நிறுத்தி, கண்மாயில் மரமில்லாத இடத்தில் குனிந்த அந்த மனிதரின் கதையை முழுக்கச் சொன்னேன். மாட்டு வண்டி ஒன்று எங்களுக்காக நின்றது. அவர் கேட்டுவிட்டு, எதிர்க்கடைக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிவிட்டார். வேறு எங்காவது போய் வாங்கினாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

மேனேஜர் மேலும், கமிட்டிக்காரர்கள் மேலும், கல்லாவில் உட்கார்ந்து சிரித்த முதலாளி மேலும் எனக்கு இருக்கிற கோபம் இத்தனை வருஷத்தில் ஒரு துளி குறையவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை விழுங்கிக்கொண்டு, பெருமையோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாளே அந்த இருபத்து மூன்று வயதுக்காரி, அவள் மேல்தான் எனக்கு இன்றைக்கும் எல்லோரையும்விடக் கூடுதலாகக் கோபம் வருகிறது.